லேசாகத் தள்ளினாலே விழுகிறேனே, ஏன்? மலைச்சரிவில் சிலம்பக் காலடி, குறை வாரியாகத் திருத்தம்

கோத்தகிரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சிலம்பமும், கம்பில்லாமல் வெறுங்கையால் செய்யும் குத்துவரிசையும் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள். மற்றவர்கள் கல்லூரிப் பிள்ளைகள், கடை வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்புகிறவர்கள், ஓய்வுபெற்ற பெரியவர்கள் இரண்டு மூன்று பேர். நான் கற்றது தேனிப் பக்கம், செம்மண் களத்தில். அங்கே ஒருநாளும் பிசகாத நிலை இங்கே வந்த முதல் மாதமே பிசகியது. மழை விட்ட ஒரு சாயங்காலம் தேயிலைத் தடத்தில் காலடி காட்டப் போய், முன்கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு வீக்கம் வடியப் பத்து நாள் ஆனது.

அதற்குப் பிறகு எல்லா நிலைகளையும் சரிவில் வைத்துத் திரும்பப் பழகினேன். பயிற்சிக்கு வருகிறவர்கள் சொல்லும் குறைகளை அவர்கள் வார்த்தையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் குறை எதுவோ நேராக அங்கே போகலாம். முதல் குறையை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றதில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

"அசையாமல்தான் நிற்கிறேன் மாஸ்டர், லேசாகத் தள்ளினாலே விழுகிறேன்"

எந்தப் பக்கம் விழுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். தொடையில் பலம் போதவில்லை என்று பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அநேகமாகப் பலத்தில் குறை இருக்காது, பாதம் வைத்த இடத்தில்தான் இருக்கும்.

இரண்டு குதிகாலையும் இணைத்துத் தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் போக்கில் யார் தள்ளினாலும் தாங்குவீர்கள். கோட்டுக்குக் குறுக்கே, நெஞ்சில் இரண்டு விரல் வைத்து அழுத்தினாலே ஆடிவிடுவீர்கள். முக்காலியில் ஒரு கால் இல்லாவிட்டால் அது எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கம்தான் நாமும் சாய்கிறோம். மனிதனுக்கு அந்த மூன்றாவது கால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு இடத்தில் இல்லை.

குதிரை நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். கால்களை அகட்டி, முட்டியை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி உட்காருகிற நிலை. பக்கவாட்டில் யாராலும் அசைக்க முடியாது. அதே நிலையில் எதிராளிக்கு நேராக நெஞ்சைக் காட்டி நின்றால், இருப்பதிலேயே பலவீனமான திசையை அவர் கைக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறீர்கள். பலர் செய்வது இதைத்தான். படத்தில் பார்க்கக் கம்பீரமாக இருக்கும்.

சரி, ஒரு காலை முன்னால் வைத்தால் போதுமா? அதிலும் ஒரு பிசகு உண்டு. பின்காலை முன்காலுக்கு நேர் பின்னால், கயிற்றின் மேல் நடப்பதுபோல வைத்துவிடுகிறார்கள். முன்னிருந்து வருவதைத் தாங்கும், பக்கத்திலிருந்து தோளில் இடித்தால் போய்விடும். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயிலின் பாதையைக் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பார்த்திருப்பீர்கள். இரண்டு தண்டவாளம், நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம். உங்கள் இரண்டு பாதமும் ஆளுக்கொரு தண்டவாளத்தில் இருக்க வேண்டும். நடுச் சட்டத்தின்மேல் எந்தப் பாதமும் வரக்கூடாது. அகலம் உங்கள் தோள் அளவு போதும். முன்பாதம் எதிராளியைப் பார்க்கட்டும், பின்பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கட்டும். உடல் பாதி திரும்பி நிற்கும்.

இனிச் சோதனை. ஒரு சால்வையை இடுப்பில் சுற்றி, இரண்டு முனையையும் துணையாளியிடம் கொடுங்கள். அவர் உங்களைச் சுற்றி வந்து, எட்டுத் திசையிலும் மெதுவாக, வெடுக்கென்று இல்லாமல் இழுக்கட்டும். வெறுங்காலில் நின்று உங்கள் பாதத்தைப் பாருங்கள். உடல் சாய்வதற்கு முன்பே கால் சொல்லிவிடும். ஒரு திசையில் இழுக்கும்போது சுண்டுவிரல் தரையை விட்டு எழும், இன்னொரு திசையில் குதிகால் காகிதம் நுழைகிற அளவுக்குத் தூக்கும். பெருவிரல் நகம் வெளுக்கிற அளவுக்குத் தரையைப் பற்றும். அந்தத் திசையை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ஓட்டை.

அந்த ஓட்டையை இறுகி நின்று அடைக்க முடியாது. எவ்வளவு பலசாலிக்கும் அந்தத் திசை பலவீனம்தான். திருத்தம் இதுதான்: இழுக்கிற திசையில், இல்லாத அந்த மூன்றாவது கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில், நீங்களே ஒரு காலைக் கொண்டுபோய் வையுங்கள். விழப்போகிற இடத்தில் கால் போய்விட்டால் விழ மாட்டீர்கள், புது நிலையும் கிடைத்துவிடும். சிலம்பத்தில் இதைக் காலடி என்கிறோம், சுவடு என்றும் சொல்வதுண்டு. இரண்டு வார்த்தையுமே நடக்கிற காலைச் சொல்பவை. என் வாத்தியார் நிலையைத் தனியாக நிறுத்திக் கற்றுத் தந்ததே இல்லை. ஒரு சுவட்டிலிருந்து அடுத்த சுவட்டுக்குப் போகும்போது நடுவில் வந்து போவதுதான் நிலை என்று பழக்கினார். அது எதற்கு என்று எனக்கு இந்த மலைக்கு வந்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

சால்வையை வாரம் மூன்று நாள், ஐந்து ஐந்து நிமிடம் இழுத்துப் பழகுங்கள். ஒரு மாதத்தில் யோசிக்காமலே கால் போகும்.

"களத்தில் சரியாக வருகிறது, சரிவில் வழுக்குகிறது"

எங்கள் ஊர்க் குறை. பறிப்புக்குப் போகும் ஓர் அக்கா, "தம்பி, கால் தன்னால கீழ இழுக்குது" என்றார். அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

சமதரையில் எடை இரண்டு காலிலும் பாதிப் பாதி. சரிவில் எடை தன்னால் கீழ்க்காலுக்குப் போகிறது. கீழ்க்காலின் விரல்கள் பள்ளத்தைப் பார்த்திருந்தால் அந்தப் பாதம் சறுக்கு மரம் மாதிரி ஆகிவிடும். கீழ்க்காலைச் சரிவுக்குக் குறுக்காக வையுங்கள், படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்குகிறபோது வைப்போமே அப்படி. பாதத்தின் ஓர விளிம்பு மண்ணில் பதியட்டும். முட்டி மடங்கியிருக்கட்டும். கூடை நிறையக் கொழுந்தோடு இறங்கும் பெண்கள் இதை யாரும் சொல்லித்தராமலே செய்கிறார்கள். அவர்களுக்கு நான் காட்ட வேண்டியது, "அந்தக் காலையே இங்கேயும் வையுங்கள்" என்பது மட்டும்தான்.

அடி எடுத்து வைக்கும்போது காலைத் தூக்காதீர்கள், தரையை உரசினாற்போல் நகர்த்துங்கள். பாதி அடியாக வையுங்கள். களத்தில் இரண்டடி போகும் கால் ஈரச்சரிவில் ஓரடிக்கு மேல் போகக்கூடாது. சில்வர் ஓக் இலை உதிர்ந்து நனைந்து கிடக்கும் இடத்திலும், பாசி பிடித்த கல்படியிலும் முழுப் பாதமும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். குதிகாலை முதலில் ஊன்றினால் போச்சு.

எதிராளி மேலே நிற்கிறார், நீங்கள் கீழே என்றால் அவர் எடை முழுக்க உங்கள் மேல் வரும். நீங்கள் மேலே இருந்தால் உங்கள் கால்கள் அவர் கைக்கு எட்டும். எது நல்லது என்று வாதம் செய்வார்கள். என் தீர்ப்பு, இரண்டும் வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே இரண்டடி நகர்ந்து, இருவரும் ஒரே மட்டத்தில் வருகிற மாதிரி செய்யுங்கள். அவர் உங்கள் பக்கம் திரும்ப வேண்டுமென்றால் அவர் கால்தான் சரிவில் பிசகும்.

தேயிலை வரிசைக்குள் மாட்டினால் இது நடக்காது. செடி இடுப்பளவு, தண்டு விறைப்பு, பக்கவாட்டில் கால் வைக்க இடமே கிடையாது. குதிரை நிலைக்கும் பக்கச் சுவட்டுக்கும் அங்கே வேலை இல்லை. முன்னே, பின்னே என்ற இரண்டு அடிகள்தான். பின்னடி வைத்து வைத்து நடைபாதைக்கு வந்துசேருங்கள், மிச்சத்தை அங்கே பார்க்கலாம்.

செருப்பைப் பற்றி ஒன்று. வார் இல்லாத செருப்பில் எந்த நிலையும் நிற்காது. கழற்றி எறிந்துவிட நேரம் இருந்தால் எறிந்துவிடுங்கள். தினமும் இருட்டில் நடக்கிறவர்கள் பின்வார் உள்ளதாக வாங்குங்கள்.

"முட்டி வலிக்கிறது, தொடை நடுங்குகிறது"

தொடை நடுக்கம் பரவாயில்லை, பழகப் பழகப் போகும். முட்டி வலி வேறு சமாசாரம். நின்ற நிலையில் குனிந்து பாருங்கள். முட்டி, பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்கிறதா, உள்ளே சரிந்திருக்கிறதா? உள்ளே சரிந்திருந்தால் வலிக்கத்தான் செய்யும். முட்டியை வெளியே தள்ளுங்கள். முடியவில்லை என்றால் நிலையின் ஆழத்தைக் குறையுங்கள்.

ஆழமான நிலைகள் உடலை வளர்க்க வந்தவை. கேரளத்து வடக்கன் களரியில் யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என எட்டு வடிவு உண்டு. கராத்தேயில் நீளமான முன்நிலை உண்டு. இவையெல்லாம் தொடைக்கும் இடுப்புக்கும் மூட்டுக்கும் பலம் தருபவை. தெருவில் ஒருவர் கை ஓங்கும்போது அவ்வளவு தாழப் போனால் திரும்ப எழுந்து நகர நேரம் இருக்காது. பயிற்சியில் தாழ நில்லுங்கள். தேவைப்படும்போது உயரமாகவே, முட்டி மட்டும் பூட்டாமல், நில்லுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து முடிக்கப் போகும் கடைசி விநாடியில் முட்டி எப்படி இருக்குமோ அந்த அளவு மடக்கு போதும்.

டிசம்பர், ஜனவரியில் உதகைப் பக்கம் புல்லில் உறைபனி படியும். அந்தக் குளிரில் எழுந்தவுடன் குதிரை நிலையில் உட்காராதீர்கள். கால் மணி நேரம் நடந்து, லேசாக வியர்த்த பிறகு ஆரம்பியுங்கள்.

"இரண்டு சுற்றிலேயே மூச்சு வாங்குகிறது"

சமவெளியிலிருந்து வந்தவர்கள் சொல்வது. உதகை 2,240 மீட்டர் உயரம். காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். சில வாரங்களில் உடம்பு பழகிவிடும். அதுவரை சுற்றுகளைக் குறையுங்கள். நிலையில் மூச்சை அடக்கிப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள், அடி வைக்கும்போது வாயால் ஊதி விடுங்கள். நெஞ்சில் வலி, தலைச்சுற்றல் என்றால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

"நிலை எடுப்பதற்குள் ஆள் மேலே வந்துவிடுகிறார்"

வணக்க வரிசை போட்டு, கம்பை நிமிர்த்தி, நிலைக்கு வந்து, பிறகு ஆரம்பிப்பது களத்தின் ஒழுங்கு. பேருந்து நிறுத்தத்தில் யாரும் அதற்குக் காத்திருக்க மாட்டார்கள்.

நடையிலிருந்தே நிலைக்கு வரப் பழகுங்கள். நீங்கள் நடக்கும்போது எப்போதும் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னேதான் இருக்கிறது. அந்த இடத்திலேயே நின்று, முட்டியைத் தளர்த்தி, பின்பாதத்தைக் கொஞ்சம் திருப்பினால் நிலை முடிந்தது. வீட்டிலிருந்து கடைக்குப் போகும் வழியில், ஒவ்வொரு மின்கம்பத்துக்கும் ஒரு தடவை இதைச் செய்யுங்கள். பார்க்கிறவர்களுக்கு நீங்கள் ஒரு கணம் நின்றது மட்டும்தான் தெரியும்.

கை விஷயம் இதைவிட முக்கியம். கைவிரல்களை மடக்கிக் குத்துக்கு வைத்தால் எதிராளிக்கு அது சவால், பார்க்கிறவர்களுக்கு நீங்களே சண்டைக்கு நின்ற மாதிரி. இரண்டு உள்ளங்கையையும் விரித்து, நெஞ்சுக்கு நேராக, முழங்கை உடலோடு ஒட்டினாற்போல் வையுங்கள். "வேண்டாம், தள்ளி நில்லுங்கள்" என்று சொல்லும் கை அது. தடுக்கவும் பிடியை உதறவும் அந்தக் கைதான் மிக அருகில் இருக்கிறது. அதோடு சத்தமாகப் பேசுங்கள். "அண்ணா, கிட்ட வராதீங்க" என்று மூன்று கடைக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். பேசும்போதே ஒரு பின்னடி. பாதி விஷயம் இத்தோடு முடிந்துவிடும், முடியத்தான் வேண்டும்.

"கையைப் பிடித்துவிட்டால் எல்லாமே மறந்துபோகிறது"

பிடித்த கையைப் பின்னால் இழுப்பது இயல்பு. இழுக்க இழுக்க அவர் நான்கு விரலோடு உங்கள் ஒரு கை மல்லுக்கட்டுகிறது. அதில் ஜெயிப்பது கஷ்டம்.

அவர் தன் இடது கையால் உங்கள் வலது மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார் என்று வையுங்கள். அந்தப் பிடியைப் பாருங்கள். நான்கு விரலும் ஒரு பக்கம், கட்டைவிரல் மட்டும் எதிர்ப்பக்கம். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் கதவு. உங்கள் மணிக்கட்டு தட்டையானது, ஒரு பலகைத் துண்டு மாதிரி. பலகையின் அகலப் பக்கம் அந்த இடுக்கில் நுழையாது, குறுகிய விளிம்பு நுழையும். உங்கள் கட்டைவிரல் பக்க விளிம்பை அந்த இடுக்குக்கு நேராகத் திருப்புங்கள்.

இப்போது கால். வலது காலை அவரை நோக்கி அரையடி முன்னே வையுங்கள். பின்னே இல்லை, முன்னே. உங்கள் முழங்கை அவர் முழங்கையைத் தொடப் போவதுபோல் கிட்டே போகட்டும், முழங்கை மடங்கட்டும். அதே மூச்சில் உங்கள் கட்டைவிரலை உங்கள் இடது தோளுக்குக் கொண்டுவாருங்கள், காதோரம் விழுந்த முடியை ஒதுக்குவது மாதிரி. பிடி விட்டுப்போகும். விட்ட கணத்தில் இரண்டு பின்னடி, உள்ளங்கை விரித்த கை, சத்தம். அப்புறம் ஓட்டம்.

முப்பது தடவை மெதுவாகச் செய்தும் விடவில்லை என்றால் அநேகமாகக் கால் முன்னே போயிருக்காது. கையை மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்பீர்கள். காலைத் திருத்துங்கள், கை தானாகச் சரியாகும்.

"குடை இருக்கிறது, வீச இடமில்லை"

சிலம்பக் கம்பு நெற்றி உயரம். வீச்சுக்குச் சுற்றிலும் ஓர் ஆள் நீளம் வெட்டவெளி வேண்டும். நம்மிடம் இருப்பது மழைக்காலக் குடை, சந்து, பேருந்தின் கூட்டம். வீச்சை மறந்துவிடுங்கள். குடையை இரண்டு கையால், ஒரு கை பிடியிலும் ஒரு கை நடுவிலும், விலா எலும்போடு ஒட்டிப் பிடியுங்கள். அவருக்கும் உங்களுக்கும் நடுவில் அது ஒரு குறுக்குக் கட்டை. தள்ளவும் தூரத்தைக் காக்கவும் பயன்படும். மடக்குக் குடை இதற்கு உதவாது, கம்பி வளைந்துவிடும். நீளக் குடை வாங்குங்கள்.

"உடம்பு கல்லாகிப் போகிறது"

இது கோழைத்தனம் இல்லை. திடீர் பயத்தில் யாருக்கும் வரும். நெஞ்சு படபடக்கும், பார்வை குறுகும், விரல்களின் நுணுக்கமான வேலைகள் எல்லாம் கைவிட்டுப்போகும். அதனால்தான் எதிராளியின் மூட்டை முறுக்கிப் பிடிக்கும் சிக்கலான பூட்டுகளைத் தற்காப்புக்கு நான் கற்றுத் தருவதில்லை. மிஞ்சி நிற்பது ஒரு பின்னடியும் ஒரு சத்தமும். இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பழகுங்கள்: கால் பின்னே போகும்போது வாய் திறக்க வேண்டும். வாய் திறந்தால் அடக்கிய மூச்சு வெளியே வரும், மூச்சு வந்தால் உடம்பு அசையும். வெட்கப்பட்டு மெதுவாகக் கத்துகிறவர்களை நான் விடுவதே இல்லை. எங்கள் பயிற்சியில் அதிக நேரம் போவது இதற்குத்தான், அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

"எதுவரை அடிக்கலாம்?"

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தன் உடலையும் பிறர் உடலையும் காக்க உரிமை உண்டு. காப்பதற்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யும் உரிமை இல்லை என்று 37ஆம் பிரிவு சொல்கிறது. அவர் விழுந்துவிட்டார், அல்லது திரும்பிப் போகிறார் என்றால் அத்தோடு நிறுத்துங்கள். வெளிச்சமும் ஆளும் உள்ள இடத்துக்குப் போய் 112-ஐ அழையுங்கள், பெண்களுக்கு 181-உம் உண்டு. வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. உங்கள் வழியில் எந்தக் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும், எங்கே சிக்னல் வரும் என்று பகலிலேயே பார்த்து வையுங்கள்.

"ஆள் இல்லை மாஸ்டர், காட்டெருமை நின்றது"

கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் எல்லா இடத்திலும் இப்போது இது உண்டு. தேயிலைக்குள்ளிருந்து தலை மட்டும் தெரியும். இங்கே நிலையும் கம்பும் கிடையாது, சத்தமும் கூடாது. கல்லை எடுக்காதீர்கள், போனில் படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். அது போவதற்கு வழி விட்டு, முகத்தை அதன் பக்கமே வைத்து, சரிவில் பழகிய அதே உரசல் பின்னடியில், பாதிப் பாதி அடியாக விலகி, ஒரு சுவருக்கோ பெரிய மரத்துக்கோ பின்னால் போய் நில்லுங்கள். அது நகர்ந்த பிறகும் கொஞ்சம் பொறுங்கள். கூட்டமாக வந்திருந்தால் மற்றவை பின்னால் இருக்கும்.